கை ஓயாத தெரு

வேலூரின் பழைய பகுதிகளில் ஒன்று. தெரு என்றுதான் பெயர்; இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். இரு பக்கமும் வாசற்படிகள், படிகளை ஒட்டிச் சாக்கடை, சாக்கடையின் மேல் அங்கங்கே கடப்பைக் கல். காலை எட்டு மணிக்கெல்லாம் படிக்கு ஒரு பெண் உட்கார்ந்துவிடுகிறாள். மடியில் முறம். முறத்தில் நனைத்து வெட்டிய இலை, ஒரு குவியல் தூள், ஒரு நூல்கண்டு. இலையை எடுக்கிறாள், தூளைப் பரப்புகிறாள், உருட்டுகிறாள், முனையை மடக்குகிறாள், நூலைச் சுற்றி அறுக்கிறாள். பேசுகிறாள், சிரிக்கிறாள், எதிர்வீட்டுச் சண்டைக்குத் தீர்ப்பும் சொல்கிறாள். கை மட்டும் நிற்பதில்லை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆயிரத்தை எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும்.

பூட்டிக் கிடக்கும் ஒரு தையற்கடையின் படி எனக்கு உட்காரக் கிடைத்தது. யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். கேட்டால் ‘குழந்தை நல்லா சாப்பிடுது’ என்பார்கள். அது பொய்யும் இல்லை. அடுப்பு எரியாத வீடு இங்கே இல்லை. ரேஷன் அரிசி இருக்கிறது. துவரம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பட்டினி என்று இந்தத் தெருவில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் இல்லை. பானையில் சோறு இருக்கும் வீட்டில் பிள்ளை ஏன் வளராமல் நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

முதல் படியில் இருப்பவளின் குழந்தைக்குப் பத்து, பதினொரு மாதம் இருக்கும். தவழ்கிறது. இடுப்பில் கறுப்புக் கயிறு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. படியிலிருந்து இறங்கிக் கடப்பைக் கல்லுக்கு வருகிறது. அங்கே இரண்டு கோழிகள் கிளறிக்கொண்டிருக்கின்றன. கோழி எச்சத்தில் கை பதிகிறது. அந்தக் கை வாய்க்குப் போகிறது. திரும்பி அம்மாவிடம் வந்து முறத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்க்கிறது. ஒரு துண்டு இலையை எடுத்துச் சப்புகிறது. அவள் சுண்டுவிரலால் அதன் வாயைத் துழாவி இலையை வழித்து எறிகிறாள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பாதி உருட்டிய பீடியை விடவில்லை.

அவள் பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண் முழுக்கப் பிள்ளை மேல்தான் இருக்கிறது. கைதான் அவளுடையதாக இல்லை.

பத்து மணிக்குப் பிள்ளை சிணுங்குகிறது. பக்கத்தில் அதன் அக்கா. எட்டு வயது இருக்கும், இன்று பள்ளி விடுமுறை. ஓடிப்போய்த் தூக்குவாளியில் டீ வாங்கி வருகிறாள். பிஸ்கட்டை நனைத்து, ஊதி ஊதித் தம்பியின் வாயில் வைக்கிறாள். மூன்று பிஸ்கட். குழந்தை சிரிக்கிறது, அழுகை நின்றுவிட்டது. அரை மணி கழித்து அஞ்சு ரூபாய்ப் பொட்டலம் ஒன்று பிரிக்கப்படுகிறது. மஞ்சள் நிறத்தில் உப்பிய குச்சிகள். குழந்தை தானே எடுத்துத் தானே தின்கிறது. மதியம் சோறு வருகிறது. ரசம் விட்டுக் கரைத்த சோறு, நாலு வாய். அதற்குள் வயிறு நிரம்பிவிட்டது.

பத்து மாதக் குழந்தையின் வயிறு சிறியது. ஒரே தடவையில் அதிகம் கொள்ளாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பதாவது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை, இடையில் ஒன்றிரண்டு முறை சிற்றுணவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாய்ப்பாலுக்கு மேல் இவ்வளவும் வேண்டும். அதிலும் பருப்பு, முட்டை, கீரை, பழம், கொஞ்சம் எண்ணெய் என்று மாறி மாறி வர வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இதைக் கேட்டுப் பார்த்தது. ஆறு மாதத்திலிருந்து 23 மாதம் வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் போதுமான உணவு கிடைத்தவர்கள் சுமார் 11 சதவீதம்தான்.

காசுதான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். காசும் காரணம்தான். ஆனால் அந்த அஞ்சு ரூபாய்ப் பொட்டலத்துக்கும் ஒரு முட்டைக்கும் விலையில் பெரிய தூரம் இல்லை. முட்டையை வேகவைக்க வேண்டும், உரிக்க வேண்டும், மசிக்க வேண்டும், மடியில் வைத்து வாய் வாயாக ஊட்ட வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் வேடிக்கை காட்டி மறுபடி ஊட்ட வேண்டும். அரை மணி போய்விடும். அந்த அரை மணியில் எத்தனை பீடி என்பது அவளுக்கு மனப்பாடம். பொட்டலத்துக்கு யாருடைய கையும் தேவையில்லை. கூட்டங்களில் ‘தாய்மார்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று பேசக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. முட்டை நல்லது என்று தெரியாத தாய் இந்தத் தெருவில் இல்லை.

பதினொன்றரைக்குத் தெருவில் ஒரு கலவரம். தண்ணீர் வந்துவிட்டது. முறங்கள் அப்படியே உள்ளே போகின்றன. வாசலுக்கு வாசல் பள்ளம் தோண்டி வைத்திருக்கிறார்கள். குழாயை மேலே நிறுத்தினால் தண்ணீர் ஏறாது. ஆகவே அது பள்ளத்துக்குள் தரைமட்டத்துக்கும் கீழே இருக்கிறது. குனிந்து, பள்ளத்தில் இறங்கி, சொம்பால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். முதலில் வருவது கலங்கலாக இருக்கிறது. அதை விட்டுவிட்டுத் தெளிந்த பிறகு பிடிக்கிறார்கள். பள்ளத்துக்கு ஒரு சாண் தள்ளிச் சாக்கடை. நான் பார்த்த ஒரு இடத்தில் குழாய் சாக்கடைக்குள் மூழ்கித்தான் வீட்டுப் பக்கம் வருகிறது.

ஓயாமல் ஓடும் குழாயில் உள்ளிருக்கும் அழுத்தம் வெளி அழுக்கை உள்ளே விடாது. நாலைந்து நாளுக்கு ஒருமுறை விடும் குழாயில் அந்தக் காவல் கிடையாது. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகிறது. விரிசல் எங்கே இருக்கிறதோ அங்கே வெளியில் நிற்கும் கழிவு உள்ளே இழுக்கப்படுகிறது. அடுத்த முறை திறக்கும்போது அதுவும் சேர்ந்து வருகிறது. பிடித்த தண்ணீர் பிளாஸ்டிக் குடங்களில் நாட்கணக்கில் இருக்கிறது. குடிக்க மொள்ளும் டம்ளரோடு விரல்களும் உள்ளே போகின்றன. பாலாற்றுக் கரையில் இருக்கும் ஊர் இது. ஆற்றில் மணல்தான் தெரிகிறது.

இந்த ஊர்க் குழந்தைகளை உலகமே உற்றுப் பார்த்திருக்கிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 2009-ல் எட்டு நாடுகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. பிறந்த சில நாட்களிலிருந்து குழந்தைகளைத் தொடர்ந்து, வாரத்துக்கு இருமுறை வீடு தேடிப்போய் விசாரித்து, மாதா மாதம் அளந்து, மலத்தைச் சோதித்துக் குறித்துவைத்தார்கள். இந்தியாவில் அதற்குத் தேர்வான இடம் வேலூர் நகரத்தின் குடிசைப் பகுதிகள். நடத்தியவர்கள் இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர். கிடைத்த முடிவுகளில் ஒன்று என்னை இந்தப் படியில் கொண்டுவந்து உட்கார வைத்தது. பேதி வந்தால்தான் குழந்தைக்குக் கெடுதல் என்று நினைத்திருந்தோம். பேதியே இல்லாமல், விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையின் குடலிலும் ஷிகெல்லா, கேம்பிலோபாக்டர், ஜியார்டியா போன்ற கிருமிகள் குடியிருந்தன. அவை இருந்த குழந்தைகள் உயரத்தில் பின்தங்கினார்கள். கேம்பிலோபாக்டர் கோழியின் குடலில் சாதாரணமாக இருப்பது.

இத்தகைய தொற்றுகள் ஓயாமல் தாக்கும்போது சிறுகுடலின் உட்சுவர் மாறிப்போகிறது. சத்தை உறிஞ்சி எடுக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. சாப்பிட்டதில் ஒரு பங்கு உடம்பில் சேராமலே போகிறது. சேர்ந்ததிலும் ஒரு பங்கைக் கிருமியோடு போராடவே உடம்பு செலவழிக்கிறது. எலும்பு நீள்வதற்கு மிஞ்சுவது சொற்பம். வெளியே எதுவும் தெரியாது. காய்ச்சல் இல்லை, அழுகை இல்லை. கடப்பைக் கல்லில் தவழும் அந்தப் பிள்ளையைப் பார்த்து யாரும் நோயாளி என்று சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன்.

நாலாவது படியில் வெளிப்படையாகவே நோய். ஒன்றரை வயதுப் பையன் தோளில் துவண்டு கிடக்கிறான். ‘காலையிலேர்ந்து அஞ்சு வாட்டி போயிட்டான்’ என்கிறாள் அம்மா. ‘பல்லு மொளைக்குது, அதான்’ என்கிறாள் பக்கத்துப் பாட்டி. சீர் தட்டியிருக்கும் என்கிறாள் இன்னொருத்தி. சாயங்காலம் பள்ளிவாசலில் ஓதி ஊதிக்கொண்டு வரச் சொல்கிறாள். இந்துப் பெண்கள், முஸ்லிம் பெண்கள் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஒரு மருந்து பாட்டில் வருகிறது, மருந்துக்கடைக்காரர் கொடுத்தது. உப்புச் சர்க்கரைக் கரைசலும், பதினான்கு நாள் தர வேண்டிய துத்தநாக மாத்திரையும் பேச்சில் வரவில்லை. இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அங்கே போய்வர அரை நாள் ஆகும், அவ்வளவுதான் தடை. வயிறு சரியாகும்வரை சோறு வேண்டாம், கஞ்சித் தண்ணீர் போதும் என்று பாட்டி சொல்கிறாள். அன்பால்தான் சொல்கிறாள். ஆனால் பேதியான குழந்தைக்குச் சாப்பாட்டைக் குறைப்பது வளர்ச்சியை இன்னும் ஒரு படி கீழே தள்ளும். ஒருமுறை இழந்ததை ஈடுகட்ட, தேறிய பிறகு வழக்கத்தைவிட அதிகம் ஊட்ட வேண்டும். அதற்குள் அடுத்த பேதி வந்துவிடுகிறது.

தெருமுனையில் பால்வாடி. வாடகை அறை, ஒரு ஜன்னல், ஒரு மூலையில் அடுப்பு, மற்றொரு மூலையில் மூட்டைகள். மிச்ச இடத்தில் பாய் விரித்துக் குழந்தைகள். அன்று உயரம் பார்க்கிறார்கள். டீச்சர் ஒவ்வொரு குழந்தையாக அளவுப் பலகையில் நிறுத்தி, குதிகால் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, தலையைப் பிடித்து நேராக்கி, பலகையை இறக்குகிறார். ஆயாம்மா வெளியே முட்டை உரித்துக்கொண்டிருக்கிறார். ஒரு பெண் குழந்தையின் முறை. ரிப்பன் கட்டிய இரட்டைக் குடுமி. போன வாரம் மூன்று வயது நிறைந்ததாம். 85 செ.மீ. என்று டீச்சர் எழுதுகிறார்.

மூன்று வயதுப் பெண் குழந்தைக்குச் சராசரி 95 செ.மீ. 87.4-க்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியவள் என்று கணக்கு. டீச்சர் அம்மாவிடம் மெதுவாகச் சொல்கிறார். அம்மா சிரிக்கிறாள்.

‘அவங்கப்பாவும் குட்டதான் டீச்சர். எங்க மாமியாரும் அப்படித்தான். எங்க பக்கம் எல்லாருமே இந்த ஒசரம்தான்.’

அந்த அறையில் இருந்த குழந்தைகளைப் பார்த்தேன். அவள் சொல்வது உண்மை போலவே தெரிந்தது. இவளைவிட உயரமானவர்கள் ஒருவர் இருவர். மற்ற எல்லோரும் ஏறக்குறைய இவள் உயரம். பக்கத்தில் நிற்பவனும் குட்டையாக இருந்தால் குட்டை என்பதே கண்ணுக்குத் தெரிவதில்லை. எலும்பும் தோலுமாக இருக்கும் குழந்தையைப் பார்த்தால் ஊரே பதறும். வளராத குழந்தையைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. கன்னம் உப்பலாக இருக்கிறது, துறுதுறுவென்று ஓடுகிறது, வயது மட்டும் ஒன்று குறைத்துச் சொன்னால் எல்லாம் பொருந்துகிறது.

ஆனால் இது ரத்தத்தில் வந்த உயரம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நகரங்களில், புகைக்காத, நல்ல வசதியும் தாய்ப்பாலும் உள்ள வீடுகளின் குழந்தைகளை அளந்தது. பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா. இந்தியாவில் தெற்கு டெல்லி. ஐந்து வயது வரை ஆறு ஊர்க் குழந்தைகளும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வளர்ந்தார்கள். டெல்லிப் பிள்ளை நார்வேப் பிள்ளைக்குச் சளைக்கவில்லை. அந்த அளவீடுகளை வைத்துத்தான் 2006-ல் இன்றைய அட்டவணை வந்தது. பால்வாடிச் சுவரில் இருப்பதும் அதுதான். இரட்டைக் குடுமிக்காரிக்கு 95 செ.மீ. எட்டாத உயரம் இல்லை. அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய உயரம்.

அவள் அம்மாவைச் சற்றுக் கவனித்துப் பார்த்தேன். மெலிந்த தோள், வெளிறிய நகம். அவளும் இதே தெருவில் பிறந்தவளாம், டீச்சரே சொன்னார். சின்ன வயதிலேயே முறத்தின் முன் உட்கார்ந்தவள், சீக்கிரம் கல்யாணமானவள். அதே 2019-21 கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளில் 57 சதவீதம். சாப்பாட்டோடு குடிக்கும் டீ, இரும்புச் சத்து உடம்பில் சேர்வதையும் தடுக்கிறது. ரத்தமில்லாத, உடம்பு முழுதாக வளராத தாயின் வயிற்றில் குழந்தை வளர இடமும் சத்தும் குறைவு. இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறக்கும் குழந்தை ஓட்டத்தைப் பின்னாலிருந்து தொடங்குகிறது. மகளின் 85 செ.மீ.யில் அம்மாவின் சின்ன வயதும் இருக்கிறது.

உயரம் மட்டும் குறைந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். உயரம் குன்றும் அதே ஆயிரம் நாட்களில்தான், கருவில் உருவானதிலிருந்து இரண்டு வயது நிறையும்வரை, மூளையும் கட்டி எழுப்பப்படுகிறது. வேலூர்க் குழந்தைகளை ஒன்பது வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். சிறு வயதில் குன்றி, அப்படியே தொடர்ந்த பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியே இருந்தார்கள். பிற்பாடு பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் நன்றாகக் கிடைக்கும். தமிழ்நாடு அதில் முன்னோடி. 1982-ல் சத்துணவு, 2022-ல் காலை உணவு. இரண்டையும் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தத் தட்டு முன்னால் பிள்ளை உட்காரும்போது அஞ்சு வயது ஆகிவிடுகிறது.

மூளை கட்டப்படும் அந்த வயதுக்கு அரசு தருவது சத்துமாவு. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை வீட்டுக்கே கொடுத்துவிடுகிறார்கள். ஒரு வீட்டில் பார்த்தேன்: பொட்டலத்தைப் பிரித்து, வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்து, வீட்டில் இருந்த ஆறு பேருக்கும் ஆளுக்கொன்று. மாமியார் உட்பட. யாரும் யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை. இருப்பதைப் பகிர்ந்து சாப்பிடும் வீடு அது. கைக்குழந்தைக்கு விழுந்தது அரை உருண்டை.

மாவு மட்டும் கொடுத்தால் போதாது, குழாய் மட்டும் மாற்றினாலும் போதாது. வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே கிராமங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கழிப்பறையும் கைகழுவும் வசதியும் மட்டும் கொடுத்த வீடுகளில் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. கூடுதல் சத்துணவு கொடுத்த வீடுகளில் கூடியது, அதுவும் கொஞ்சம்தான். தண்ணீர், சாக்கடை, சாப்பாடு, தாயின் உடம்பு, தாயின் நேரம் எல்லாம் ஒன்றாக மாற வேண்டியிருக்கிறது. இதில் கடைசியாகச் சொன்ன நேரத்தைப் பற்றித்தான் யாருமே பேசுவதில்லை.

1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தொழிற்கூடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. அன்று அது நல்ல சட்டம். பிறகு வேலை வாசற்படிக்கு வந்துவிட்டது. படிகள் தொழிற்கூடம் இல்லை என்பதால் காப்பகம் வரவில்லை. வீட்டு வேலைக்குப் போகும் பெண், கட்டட வேலைக்குப் போகும் பெண், கடையில் நிற்கும் பெண் எல்லோருக்கும் இதே நிலைமைதான். மகப்பேறுக்கு அரசு தரும் 18,000 ரூபாய் உதவியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சில மாதங்களின் செலவுக்கு. ஆறாவது மாதத்திலிருந்து இருபத்துநாலாவது மாதம் வரை பிள்ளைக்கு ஊட்ட ஒரு கை வேண்டும். அந்தக் கையை நகரம் வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது.

2019-21 கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரத்தில் இல்லை. இந்திய நகரங்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 30 சதவீதம். உங்கள் வார்டிலும் இப்படி ஒரு தெரு இருக்கும். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் கவுன்சிலரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, குழாய் எதன் வழியாக வருகிறது? இரண்டு வயது ஆகாத பிள்ளையை, அம்மா வேலை பார்க்கும் நேரத்தில் மடியில் வைத்துச் சுடுசோறு ஊட்ட அங்கே ஓர் இடம் இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு ‘பால்வாடி இருக்கிறதே’ என்று பதில் வரும். விடாதீர்கள். பால்வாடியில் பகல் முழுக்க இருந்து சாப்பிட, பிள்ளைக்கு இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும்.